அடுத்த கோச் யார்?

2025 ஜூலை 2 அன்று இந்திய ஆண்கள் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் பதவியை விட்டு விலகினார். எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றி. அதுவும் மாலத்தீவை எதிர்த்து. அடுத்த ஒரு மாதம் இந்தியக் கால்பந்து ரசிகர்களுக்கு ஆட்டமே இல்லாத திருவிழாவாகக் கழிந்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு விண்ணப்பம் கோரியது, 170 பேர் விண்ணப்பித்தார்கள், ஐ.எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு அதை மூன்று பெயராகச் சுருக்கியது: ஜாம்ஷெட்பூர் அணியின் காலித் ஜமில், ஏற்கெனவே இரண்டு முறை இந்திய அணியை நடத்திய ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கிய தேசிய அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஸ்டெஃபான் டார்கோவிச். நடுவில் பார்சிலோனா புகழ் ஷாவி விண்ணப்பித்திருப்பதாக ஒரு செய்தி கிளம்பியது. அவர் பெயரிலும் பெப் கார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று கூட்டமைப்பு அறிவிப்பதற்குள், ஷாவி இந்தியாவுக்குச் சரிப்படுவாரா மாட்டாரா என்று ரசிகர்கள் வாதாடியே முடித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 1 அன்று காலித் ஜமில் நியமிக்கப்பட்டார். 2011-12இல் சாவியோ மெடெய்ரா இருந்ததற்குப் பிறகு இந்தியர் ஒருவர் முழுநேரமாக அந்த இடத்துக்கு வந்தது அப்போதுதான்.

அந்த மாதத்து வாதங்களைக் கவனித்தவர்களுக்கு ஒன்று புலப்பட்டிருக்கும். வெளிநாட்டுக்காரரா உள்ளூர்க்காரரா, கோப்பை வென்றவரா இளையோரை வளர்த்தவரா, பூட்டிவைத்து ஆடுபவரா பந்தைக் காலில் வைத்து ஆடவைப்பவரா என்று கட்சிகள் பல. ஆனால் எல்லாக் கட்சிகளும் மேசையில் வைத்த சான்று ஒன்றே: வேட்பாளரின் பழைய வெற்றி தோல்விப் பட்டியல். கான்ஸ்டன்டைனுக்கு 173ஆம் இடத்திலிருந்து 96ஆம் இடத்துக்கு ஏறிய உலகத் தரவரிசை. காலித்துக்கு ஐஸ்வாலோடு வென்ற ஐ-லீக் பட்டம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது, அந்தப் பட்டியல் வேட்பாளரைப் பற்றிச் சொல்வதைவிட அவருக்கு வாய்த்த சூழலைப் பற்றியே அதிகம் சொல்கிறது என்பதுதான். ரசிகர்களுக்கு விவரம் போதாது என்ற வழக்கமான குறையை இங்கே சொல்லவில்லை. விவரம் ஏராளமாகவே இருக்கிறது. எடைபோடப்படும் பொருள்தான் தவறானது. அந்தத் தவறு தொடர்வதில், பயிற்சியாளரை நியமிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஆதாயமும் இருக்கிறது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம், இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் சென்னையின் எஃப்.சி.யின் கதையே போதும். 2014இல் மார்கோ மாட்டராட்ஸி வந்தார். உலகக் கோப்பை வென்ற வீரர் என்பதைத் தவிர, தலைமைப் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ள அவரிடம் பெரிதாக எதுவும் இல்லை. முதல் ஆண்டில் அணி புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்து அரையிறுதியில் வீழ்ந்தது. இரண்டாம் ஆண்டு நடுவழியில் கடைசி இடத்தில் கிடந்து, பிறகு எழுந்து, கோவாவை 3-2 என்று வென்று பட்டம் பெற்றது. மூன்றாம் ஆண்டு எட்டு அணிகளில் ஏழாவது. மாட்டராட்ஸி போனார், ஆஸ்டன் வில்லாவை நடத்திய ஜான் கிரெகரி வந்தார். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில், சொந்த மண்ணில் ஆடிய பெங்களூரு அணியை 3-2 என்று சாய்த்து இரண்டாவது பட்டம். அதற்கு அடுத்த சீசனில் அதே கிரெகரியின் கீழ் 18 ஆட்டங்களில் 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாமிடம். 2019 நவம்பர் இறுதியில் அவர் விலக, ஓவன் காய்ல் வந்து அதே சீசனில் அணியை இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார். ரசிகர்களுக்கு அவர் தெய்வமானார். பிறகு ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22இல் லீக் கேடயம் வென்றார். மதிப்பு இன்னும் ஏறியது. 2023இல் சென்னைக்குத் திரும்பினார். முதல் ஆண்டு ஆறாமிடம், இரண்டாம் ஆண்டு 13 அணிகளில் பதினோராமிடம்.

மூன்று பேர், மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். ஒருவரே பட்டமும் வாங்கித் தருகிறார், கடைசி இடத்துக்கும் கொண்டுபோகிறார். ஒரு ஆண்டில் இருந்த அறிவு அடுத்த ஆண்டில் எங்கே போயிற்று என்று கேட்டால், பதில் அவரிடத்தில் இல்லை. இதன் மறுபக்கம் இன்னும் வலுவானது. கிரெகரி, காய்ல் ஆகியோரின் முதல் சுற்றுக்குப் பிறகு, காய்லின் இரண்டாம் சுற்றுக்கு முன், சென்னையின் அணியை ஹங்கேரிய வழிவந்த ருமேனியர் சாபா லாஸ்லோ நடத்தினார், மாண்டினீக்ரோவின் போஜிதார் பாண்டோவிச் நடத்தினார், அவர் பாதியில் நீக்கப்பட்டபோது சையத் சாபிர் பாஷா இடைக்காலமாகப் பொறுப்பேற்றார், பிறகு ஜெர்மானியர் தாமஸ் பிரடாரிச் வந்தார். ஒவ்வொரு முறையும் பெயர்கள் அலசப்பட்டன, ஒவ்வொருவரின் ஆட்டமுறையும் விவாதிக்கப்பட்டது. 2020-21இல் அணி எட்டாமிடம். 2021-22இல் எட்டாமிடம். 2022-23இலும் எட்டாமிடம். ஒரே ஆள் வெவ்வேறு பலனைத் தருவதும் வெவ்வேறு ஆட்கள் ஒரே பலனைத் தருவதும் ஒரே கிளப்பில், பதினோரு சீசன்களுக்குள் நடந்திருக்கின்றன. தருமபுரி போன்ற மானாவாரி மாவட்டத்தில் ஒரு வருட மகசூலைப் பார்த்து யாரும் உழவனுக்கு மதிப்பெண் போடுவதில்லை. அந்த வருடம் மழை எப்படி என்றுதான் முதலில் கேட்பார்கள்.

மழைக்குச் சமமானது இங்கே வீரர் பட்டியல். இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய காலம் முதல் வெளிநாட்டு வீரர்களுக்குப் பெரும்பாலும் ஓரிரு ஆண்டு ஒப்பந்தம்தான். ஒரு முன்கள வீரரும் ஒரு நடுத்தற்காப்பு வீரரும் அமைந்துவிட்டால் அணி மேலே போகும், அவர்கள் போய்விட்டால் கீழே வரும். காய்ல் முதல்முறை சென்னையில் இருந்தபோது லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார். காய்ல் வருவதற்கு முன்பே அணியில் இருந்தவர் அவர். அடுத்த சீசனில் பயிற்சியாளரும் முன்கள வீரரும் சேர்ந்தே ஜாம்ஷெட்பூர் போனார்கள். அந்தப் புள்ளிகளில் எவ்வளவு காய்லுடையது, எவ்வளவு வால்ஸ்கிஸுடையது என்று பிரிக்க யாராலும் முடியாது. ஆனால் வேட்பாளர் பட்டியலில் அது முழுவதும் காய்ல் கணக்கில் ஏறிவிடுகிறது.

கிரெகரி சறுக்கிய 2018-19 சீசனில் தமிழ்நாட்டிலேயே இன்னொன்றும் நடந்தது. சென்னையில் நடப்புச் சாம்பியன் பயிற்சியாளர் கடைசி இடத்தில் தவித்துக்கொண்டிருந்தபோது, கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் பட்டத்தை வென்றது. பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். அவர் வருவதற்கு முன்பு ரசிகர்களை ஐந்து பெயர் எழுதச் சொல்லியிருந்தால் அதில் அவர் பெயர் இருந்திருக்காது. ஐம்பது எழுதச் சொன்னாலும் ஐயம்தான். ஸ்பானியக் கிளப் ஒன்றில் அறியப்படாத முன்கள வீரராக இருந்த பெட்ரோ மான்ஸி 21 கோல் அடித்தார். பின்பு மான்ஸி போனார், பணம் வற்றியது, சில ஆண்டுகளில் அந்த அணியே ஐ-லீக்கில் இல்லாமல் போயிற்று. பட்டம் வாங்கித் தந்த அறிவு அதைத் தடுத்து நிறுத்தவில்லை. தடுக்கும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இது நம்மூர் விசித்திரம் அல்ல. நெதர்லாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்சியாளர் மாற்றங்களைப் பொருளியல் அறிஞர் பாஸ் டெர் வேல் ஆராய்ந்தார். அவர் செய்த உத்தி எளிது, கூர்மையானது. தொடர்ந்து தோற்று, பயிற்சியாளரை நீக்கிய அணிகளை ஒரு பக்கம் வைத்தார். அதே அளவு தோற்றும் நீக்காமல் பொறுத்திருந்த அணிகளை மறுபக்கம் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் மீண்டன. தொடர் தோல்வியில் ஒரு பங்கு துரதிர்ஷ்டம். துரதிர்ஷ்டம் அதே அளவில் நீடிப்பதில்லை. பள்ளத்தின் அடியில் வந்து நின்றவர் யாராக இருந்தாலும் அதற்குப் பிறகு ஏறுவதுபோலத்தான் தெரியும். புதுப் பயிற்சியாளரின் முதல் மாத வெற்றிகளை அவர் கொண்டுவந்த புதுக் காற்று என்று நாம் கொண்டாடுவதில் பாதி இந்தக் கணக்குதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கன் ஃபுட்பால், அதாவது கையால் பந்தைத் தூக்கி ஓடும் அந்த வேறு ஆட்டம், இதற்கு இன்னொரு களம். அங்கே பல மாநிலங்களில் அரசு ஊதியம் வாங்குவோரில் ஆளுநரைவிடவும் அதிகம் வாங்குபவர் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர்தான். ஆட்லர், பெர்ரி, டோஹர்ட்டி ஆகிய மூவர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மிக மோசமாக ஆடிக்கொண்டிருந்த அணிகளில் பயிற்சியாளரை மாற்றியது பெரிய மாற்றம் எதையும் தரவில்லை. சுமாராக ஆடிக்கொண்டிருந்த அணிகளில் மாற்றியது, நிலைமையைச் சற்று மோசமாக்கியது.

இந்த இடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று எழும். அப்படியானால் பயிற்சியாளர் யாராக இருந்தாலும் ஒன்றுதானா? இல்லை. பயிற்சியாளர்களுக்குள் வேறுபாடு உண்டு என்பதற்கும் ஆய்வுச் சான்று இருக்கிறது. ஜெர்மன் புண்டஸ்லீகாவின் இருபது ஆண்டுத் தரவை வைத்து, கிளப்பின் வலிமையைக் கழித்துப் பார்த்த ஒரு குழு, சிறந்த பயிற்சியாளருக்கும் சாதாரணமானவருக்கும் இடையே புள்ளிகளில் தெரியும் அளவுக்கு இடைவெளி இருப்பதைக் கண்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டஃபர் பெர்ரியும் ஆந்தனி ஃபவ்லரும் அமெரிக்க விளையாட்டுகளில் அணிகளின் ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டே வரை பயிற்சியாளரைச் சார்ந்தது என்று மதிப்பிட்டார்கள். குறைந்த பங்கல்ல. ஆனால் மீதி எழுபது எண்பது விழுக்காடு எங்கே இருக்கிறது என்பதையும் அதே எண் சொல்லிவிடுகிறது. அதோடு, இருபது ஆண்டுத் தரவும் நூற்றுக்கணக்கான மாற்றங்களும் கையில் இருந்தால்தான் அந்தப் பங்கையே பிரித்தெடுக்க முடிகிறது. ஒரு வேட்பாளரின் நான்கு சீசன்களைப் பார்த்து அதைக் கண்ணால் கண்டுபிடிப்பது ஆகாத காரியம்.

இந்தியாவில் இந்த மறுப்புக்கு ஒரு பெயரே உண்டு: சையத் அப்துல் ரஹீம். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம். அவர் 1963இல் இறந்த பிறகு இந்திய ஆண்கள் அணி அந்த உயரத்தை மீண்டும் தொடவில்லை. ஒரு ஆள் எவ்வளவு மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பார்கள். ஆனால் ரஹீம் விண்ணப்பம் போட்டு, மூன்று பெயரில் ஒன்றாகத் தேறி வந்தவர் அல்லர். ஹைதராபாதில் பள்ளி ஆசிரியராக இருந்து, உடற்கல்விப் பட்டயம் பெற்று, பள்ளி விளையாட்டுப் பொறுப்பை ஏற்றவர். 1940களிலேயே ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியை வளர்த்தவர். தேசிய அணியில் அவர் இறக்கிய வீரர்களில் கணிசமானோர் அவரே அடிமட்டத்திலிருந்து பார்த்துப் பழக்கியவர்கள். ஆட்டக்காரர்களை உருவாக்குவது, சங்கத்தை நடத்துவது, அணியைத் தேர்வது, களத்தில் நிறுத்துவது எல்லாம் பல ஆண்டுகள் ஒரே கையில் இருந்தன. ரஹீமின் கதை நமக்குச் சொல்வது மேதையின் வலிமையை மட்டுமல்ல. அந்த மேதைமைக்கு இடம் கொடுத்த வேலை எப்படி அமைந்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான். இன்று அதே பதவிப் பெயரில் நாம் கொடுப்பது ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டும் வீரர்களைக் கண்ணில் பார்க்கும் வேலை.

காலித் ஜமில் அந்த வேலையில் என்ன பெற்றார் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அவர் நியமிக்கப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு, ஜூலை 11 அன்று, இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் 2010இல் ஏற்பட்ட பதினைந்தாண்டு உரிம ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடியவிருந்தது; புதுப்பிப்பு நீதிமன்ற வழக்கில் சிக்கியிருந்தது. லீக் 2026 பிப்ரவரியில்தான், சுருங்கிய வடிவில், தொடங்கியது. தேசிய அணிப் பயிற்சியாளருக்குக் கிடைத்த வீரர்கள், போட்டி ஆட்டமே இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள். ஆகஸ்ட் இறுதியில் மத்திய ஆசிய நாடுகளின் கோப்பைக்குப் போனபோது, ஃபிஃபா விதித்த விடுவிப்புக் காலத்துக்கு வெளியே ஆட்டங்கள் வருகின்றன என்று மோகன் பகான் தன் வீரர்களை அனுப்பவில்லை. அந்த நிலையிலும் அணி தஜிகிஸ்தானை வென்று, செப்டம்பர் 8 அன்று ஓமானை டைபிரேக்கரில் வீழ்த்தி மூன்றாமிடம் பெற்றது. உள்ளூர்க்காரரைப் போட்டது சரி என்றார்கள். அக்டோபரில் சிங்கப்பூரோடு அங்கே 1-1, இங்கே கோவாவில் 1-2; 2027 ஆசியக் கோப்பைக் கனவு முடிந்தது. நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1, இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர்களிடம் முதல் தோல்வி. உடனே உள்ளூர்க்காரர் வேலைக்கு ஆகமாட்டார் என்ற பேச்சு. இரண்டு முடிவுகளுக்கும் சான்று மூன்றே மாதம், கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். கான்ஸ்டன்டைன் காலத்துத் தரவரிசை ஏற்றத்தையும் இப்படித்தான் படித்தோம். அவர் இரண்டாம் முறை வந்த 2015இல்தான் இந்தியா உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் குவாமிடம் தோற்றது. அந்தப் பிரிவில் எட்டு ஆட்டங்களில் ஏழு தோல்வி. 2018 ஆகஸ்டுக்கு முன்பிருந்த தரவரிசைக் கணக்கு சராசரியை அடிப்படையாகக் கொண்டது. யாரோடு, எப்போது ஆடுவது என்று பார்த்து ஆடினால் ஏற முடியும். ஏறியது பொய்யில்லை. ஆனால் அதில் அட்டவணைக்கும் பங்குண்டு.

அப்படியானால் பெயரை விட்டுவிட்டு எதைப் பேசுவது என்பதற்கு முன், ஏன் பெயரையே பேசுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் உள்ள இண்டூரில் ஒருவர் சென்னையின் அணியின் ரசிகர் என்று வைத்துக்கொள்வோம். சென்னை நேரு விளையாட்டரங்கம் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். எதிரணியான பெங்களூருவின் அரங்கம் அதில் ஏறத்தாழப் பாதி தூரத்தில் இருக்கிறது என்பது அந்த ஊர் ரசிகரின் தனிச் சங்கடம். மைதானத்துக்குப் போய் ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’, ‘சூப்பர்மச்சான்ஸ்’ கூட்டத்தோடு கத்துவது அரிது. அணியை அறிவது திரை வழியாக. திரை எதைக் காட்டுகிறது? பந்தைக் காட்டுகிறது, கோடு ஓரத்தில் நின்று கையை ஆட்டும் ஒருவரைக் காட்டுகிறது. வீரர்களை வாங்க எவ்வளவு ஒதுக்கப்பட்டது, யார் அந்த முடிவை எடுத்தார், இளையோர் அணி எத்தனை ஆட்டம் ஆடியது என்பதற்குக் கேமரா இல்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒருவர்மேல் பழியும் புகழும் சேர்வது மனித இயல்பு. தொலைவிலிருக்கும் ரசிகருக்கு இது இன்னும் கூடுதல். ஆனால் சென்னையில் இருப்பவருக்கும் இயக்குநர் அறையின் கதவு திறந்திருப்பதில்லை என்பதால், இண்டூர் ரசிகர் அவரைவிடப் பெரிதாக ஒன்றும் பின்தங்கிவிடவில்லை.

இதை நிர்வாகங்கள் நன்றாக அறிந்திருக்கின்றன. தோல்வி வந்ததும் பயிற்சியாளரை மாற்றுவது மலிவான பதில். செலவு பிடித்தாலும் மலிவுதான். 2024 ஜூனில் இகோர் ஸ்டிமாச்சை நீக்கியதற்கு, பிறகு பேசித் தீர்த்த தொகையாகக் கூட்டமைப்பு கொடுக்க ஒப்புக்கொண்டது 4 லட்சம் டாலர். அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 2025 அக்டோபரில் தன் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர் பிரையன் கெல்லியை நீக்கியபோது ஒப்பந்தப்படி பாக்கி நின்றது சுமார் 5.4 கோடி டாலர். அங்கே மாநில ஆளுநரே வெளிப்படையாகப் பேசி, அடுத்த பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பவர் தற்போதைய விளையாட்டு இயக்குநராக இருக்கமாட்டார் என்று அறிவித்தார். அந்த இயக்குநர் உடனே வெளியேறினார். மாதம் முழுக்க ரசிகர்கள் பெயர்களை அலசினார்கள், கடைசியில் லேன் கிஃபின் வந்தார். அப்படி ஒரு ஒப்பந்தத்தை எழுதியது எந்த ஏற்பாடு, அது மாறியதா என்ற கேள்வி பெயர்களின் இரைச்சலில் அமுங்கிப்போயிற்று. பெயர் விவாதம் நிர்வாகத்துக்குத் தொல்லை என்று நினைப்போம். உண்மையில் அது நிர்வாகத்துக்குக் குடை.

எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு, ரசிகர்களை வாயை மூடச் சொல்வது. இது வல்லுநர் வேலை, கூட்டம் கூச்சலிட்டு முடிவெடுக்க முடியாது என்பார்கள். இவர்களுக்குப் பிடித்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகம். 2017 நவம்பர் 26 அன்று அந்தப் பல்கலைக்கழகம் தன் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குக் கிரெக் ஷியானோவை நியமிக்கப்போவதாகச் செய்தி வந்தது. முன்பு அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் குற்ற விவகாரம் ஒன்றில் அவர் பெயர் சாட்சியத்தில் அடிபட்டிருந்தது. அவர் அதை மறுத்திருந்தார். ரசிகர்கள் கொதித்தார்கள், சட்டமன்ற உறுப்பினர்களும் சேர்ந்துகொண்டார்கள், அன்றிரவுக்குள் பேரம் முறிந்தது. சில நாளில் விளையாட்டு இயக்குநரும் போனார். ரசிகர் எதிர்ப்பின் விளைவாக வந்த ஜெரமி புரூயிட் மூன்று சீசனில் இரண்டில் தோல்விகளே அதிகம் கண்டு, வீரர் சேர்ப்பு விதிமீறல்களுக்காக 2021 ஜனவரியில் நீக்கப்பட்டார். பார்த்தீர்களா என்பார்கள் வல்லுநர் கட்சியினர். ஆனால் புரூயிட்டைத் தேர்ந்ததும் வல்லுநர்தான்; அந்த அணியின் புகழ்பெற்ற முன்னாள் பயிற்சியாளர் ஒருவர் இயக்குநராக அமர்ந்து தேர்ந்தார். அதன்பின் புது இயக்குநர் வந்து, தன்னோடு முன்பு வேலை பார்த்த ஜோஷ் ஹைபலை அழைத்துவந்தார். அப்போது ரசிகர்களில் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள், 2022இல் 11 வெற்றி 2 தோல்வி. இந்தக் கதையில் ரசிகர்கள் தவறியதும் பெயரை ஊகித்தபோது, வல்லுநர்கள் தவறியதும் பெயரை ஊகித்தபோது. இடையில் ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ரசிகர்களுக்குத் தடுக்கும் வலிமை இருந்தது, அதைக் கொண்டு அவர்கள் ஒரு முடிவை நிறுத்தினார்கள். அந்த வலிமையை முடிவெடுக்கும் முறையின் மேல் செலுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கேட்கப்படவே இல்லை.

இந்தியரா வெளிநாட்டவரா என்ற சண்டையையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியதிலிருந்து, இந்தியர் ஒருவர் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக அமர 2021 ஆயிற்று. அவரும் காலித் ஜமில்தான், நார்த் ஈஸ்ட் யுனைடெட்டில். அதுவரை இந்தியப் பயிற்சியாளருக்குக் கிடைத்தது இடைக்காலப் பதவி. இந்தியன் வங்கி அணியில் ஆடி, அதையே பயிற்றுவித்து, சென்னையின் அணியில் ஆண்டுக்கணக்கில் துணைப் பயிற்சியாளராக இருந்த சாபிர் பாஷாவுக்குத் தலைமை இருக்கை கிடைத்தது, சீசன் கெட்டுப்போன பிறகு சில வாரங்கள். அந்த வாரங்களின் முடிவுகளை வைத்து அவரை மதிப்பிட்டால் என்ன கிடைக்கும்? பட்டியலில் வெற்றி இல்லாததால் பதவி இல்லை, பதவி இல்லாததால் பட்டியலில் வெற்றி இல்லை. உள்ளூர்க்காரரை ஆதரிப்போர் இதை அநீதி என்கிறார்கள், சரிதான். ஆனால் அதற்கு மருந்தாக, ஒரு உள்ளூர்க்காரரின் பட்டத்தைத் தூக்கிப் பிடிப்பது அதே தவறான தராசில் நம் பக்கத்துத் தட்டை அழுத்துவதுதான். ஐஸ்வாலோடு பட்டம் வென்ற காலித், அடுத்த சீசனில் ஈஸ்ட் பெங்காலில் நான்காமிடம் முடித்தவர். இரண்டில் எது காலித்? நாட்டுப்பற்றைச் சேர்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடாது. இந்தச் சண்டை எழாத இடமும் ஒன்று உண்டு. 2025 ஜூலை 5 அன்று சியாங்மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று இந்தியப் பெண்கள் அணி, தகுதிச்சுற்று ஆடி முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தேறியது. அப்போதைய பயிற்சியாளர் கிரிஸ்பின் சேத்ரி, மதுரையின் சேது எஃப்.சி.யையும் ஒடிசா பெண்கள் அணியையும் நடத்தியவர். ஆண்கள் அணிக்கு ஷாவி வருவாரா என்று சூடு பறந்ததும் அதே ஜூலையில்தான். பெண்கள் அணிக்கான நியமனத்தில் கட்சி கட்டிச் சண்டை போட யாருக்கும் நேரம் இருந்ததாகத் தெரியவில்லை.

பெயர் தெரியாத வேட்பாளரை மதிப்பிட முடியும், வேலையைத் தெரிந்துகொண்டால். தேசிய அணிப் பயிற்சியாளருக்கு ஓராண்டில் எத்தனை நாள் முகாம் உறுதி? கிளப் விடாத வீரருக்கு யார் பேசுவார்? எதிரணிகளைத் தேர்வதில் அவர் குரல் உண்டா? எத்தனை ஆட்டத்துக்கு முன்பு அவரை மதிப்பிடமாட்டோம் என்று எழுத்தில் இருக்கிறதா? கிளப் என்றால், வீரர்களை வாங்கும் முடிவு யாருடையது, சென்ற ஆண்டு அணியில் எத்தனை பேர் தங்குகிறார்கள்? இவை ரகசியமாக இருக்க வேண்டிய விவரங்கள் அல்ல. 2025இல் 170 விண்ணப்பங்கள் மூன்றாகச் சுருங்கியபோது, எந்த அளவுகோலால் சுருங்கியது என்று கேட்டிருந்தால், டார்கோவிச்சா கான்ஸ்டன்டைனா என்ற சண்டைக்குச் சற்றாவது பொருள் வந்திருக்கும். இப்படிக் கேட்பது சுவையற்றது என்று சொல்வோர் உண்டு. ரசிகர் வாதம் என்பதே பொழுதுபோக்கு, அதைத் தணிக்கை அறிக்கை ஆக்கலாமா என்பார்கள். வீரர் ஏலத்தில் யார் எவ்வளவு விலைக்குப் போனார் என்று காசு காசாகப் பேசும் ரசிகருக்கு இந்தக் கணக்கு மட்டும் கசக்கும் என்று நம்ப இடமில்லை. பேசத் தரவு கொடுக்கப்படவில்லை, அவ்வளவே.

கடைசியாக, விவாதமே இல்லாமல் நடக்கும் பயிற்சியாளர் நியமனங்களையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழக அணிப் பயிற்சியாளருக்கு நிகரான பதவி நம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர். விதிப்படி கல்வித் தகுதி பார்த்து நியமிக்கப்படுபவர். பள்ளியில் அந்த இடத்தில் இருப்பவர் பி.டி. வாத்தியார், கலந்தாய்வில் இடம் எடுத்து வருபவர், கலந்தாய்விலேயே போகிறவர். 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. இண்டூரில் பந்து உதைக்கும் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் பயிற்சியாளராக வாய்க்கக்கூடியவர் இப்படி வரும் ஒருவர்தான். ரஹீமும் அந்த இடத்திலிருந்துதான் கிளம்பினார். அவரைப் போன்ற ஒருவருக்கு இன்று மைதானம் உண்டா, பந்து உண்டா, வாரத்தில் எத்தனை மணி நேரம், மூன்று ஆண்டில் மாற்றிவிடுவார்களா என்ற கேள்விகள், தேசிய அணிப் பயிற்சியாளரைப் பற்றிக் கேட்க வேண்டியவற்றிலிருந்து வேறுபட்டவை அல்ல. வேறுபாடு ஒன்றே: இண்டூர்க்காரர் ஒருவர் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து இவற்றைக் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அதே அறையில் உட்கார்ந்திருப்பார்.